எழுத்துப் பிழையும் கழுத்துக் கழலையும்

தமிழ் பயில்வார் முதற்கண் பயில்வது எழுத்திலக்கணமாம். எழுத்து ஒன்று திரியினும் சொல்லின் பொருள் முற்றும் வேறாகும் என்பதை நாம் இளமையிலேயே கற்றுக்கொள்கின்றோம். இடையின ரகரம் நிற்கவேண்டிய இடத்தில் வல்லின றகரம் வந்து நிற்குமாயின் 'மரம்' என்பது 'மறம்' ஆகின்றது. றகரம் ரகரமாய்த் திரியின் 'அறம்' என்பது 'அரம்' ஆகின்றது. நிழல் தருவது போராகவும், உயிர்க்குத் துணையாவது இரும்பை அராவும் கருவியாகவும் மாறிப்போகின்றன. ஏட்டில் நேரும் இத்தகைய பிழையைப் புலவர் ஒருவர் திருத்திவிடலாம். மனித உடம்பினுள் எழுதப்பட்டுள்ள ஏட்டில் இத்தகைய பிழை நேருமாயின் யாது விளையும்? இவ்வினாவை எம் உள்ளத்தில் எழுப்பியவர் எம் அத்தையார் ஆவர்.

அத்தையார் திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்பவர். சில ஆண்டுகட்கு முன்னர் அவர்தம் கழுத்தின் முன்புறத்தே நெல்லிக்காய் அளவான கட்டி ஒன்று தோன்றிற்று. நோவு இன்மையால் அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. பிறர் கண்ணிற் படாவண்ணம் முன்றானையால் மறைத்துக்கொண்டார். மகளுக்குத் திருமணம் பேசிவந்த காலம் அஃது. 'தாய்க்குக் கழுத்தில் கழலை' என்னும் பேச்சு ஊரில் எழலாகாது என்பது அவர் எண்ணம். திருமணம் முடிந்த பின்னரே மருத்துவரிடம் சென்றார். நுண்ணிய ஊசியாற் சில உயிரணுக்களை எடுத்து ஆராய்ந்தபோது, அஃது அச்சுரப்பியில் உண்டான புற்று எனத் தெரியவந்தது. அன்று அவர் எம்மை நோக்கி, "தம்பி, நீ கல்லூரியில் படிக்கின்றாயே, நான் புகையிலையைத் தொட்டதில்லை, ஒருவருக்கும் தீங்கு நினைத்ததில்லை. இந்த நோய் எனக்கு ஏன் வந்தது? இது யார் செய்த பாவம்?" என்று வினவினார். தமிழ் பயிலும் எமக்கு அன்று விடைகூற இயலவில்லை. பின்னர் அறிவியல் பயிலும் நண்பர்களைக் கேட்டும் நூல்களை ஆராய்ந்தும் யாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதலுற்றோம்.

கேடயமும் உப்பும்

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவி, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்திருப்பது தைராய்டு என்னும் சுரப்பியாகும். அப்பெயர் கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததாகலின், அதனைக் கேடயச்சுரப்பி எனத் தமிழில் வழங்குவர். அதன் நிறை ஏறத்தாழ 20 கிராம் அளவினதே. அதனுள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்குமிழ்கள் எண்ணிறந்தன உள. ஒவ்வொரு குமிழின் சுவரும் ஒற்றை வரிசையாக அடுக்கப்பெற்ற உயிரணுக்களால் ஆயது. இவ்வுயிரணுக்கள் குருதியில் ஓடும் அயோடினை ஈர்த்துத் தைராக்சின் என்னும் சுரப்புநீரை ஆக்குகின்றன. தைராக்சினின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் 4 அயோடின் அணுக்கள் உள. உடம்பின் வெப்பமும், நெஞ்சத் துடிப்பும், குழந்தையின் மூளை வளர்ச்சியும் இந்நீரைச் சார்ந்தே நிற்கின்றன.

அயோடின் இவ்வுயிரணுக்களுள் தானே புகுந்துவிடுவதில்லை. அதனை உள்ளே கொணர்தற்கென்று உயிரணுவின் புறத்தோலில் ஒரு தனிப் புரதம் வாயில்போல் அமைந்துள்ளது. இவ்வாயிலைப் படிப்பவர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். நோயின் வரலாற்றிலும் மருந்தின் வரலாற்றிலும் இது மீண்டும் வரும்.

நம் நாட்டார்க்கு அயோடின் பெரும்பாலும் உப்பின் வாயிலாகவே கிடைக்கின்றது. திண்டிவனத்திற்குக் கிழக்கே கடற்கரையில் மரக்காணத்து உப்பளங்கள் வெண்மணற்குன்றுகள்போற் காட்சியளிப்பதை அவ்வழிச் செல்வோர் கண்டிருப்பர். சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடனுக்குரிய கிடங்கில் என்னும் ஊர் இற்றைத் திண்டிவனத்தின் ஒரு பகுதியே; அந்நூல் கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணமெனக் கருதும் அறிஞரும் உளர். உப்பு வணிகராகிய உமணரின் வண்டிகளும் அந்நூலில் இடம்பெறுகின்றன. இத்துணைத் தொன்மை வாய்ந்த உப்பே ஆயினும், கடல்நீரைக் காய்ச்சி எடுத்த உப்பில் இயற்கையாக உள்ள அயோடின் மிகச் சிறிதே. ஆதலின் பொட்டாசியம் அயோடேட் என்னும் உப்பினைச் சிறிதளவு கலந்து விற்றல் வேண்டும் எனச் சட்டம் வகுக்கப்பட்டது. டாக்டர் வி. இராமலிங்கசுவாமி முதலியோர் 1956-ஆம் ஆண்டு முதல் இமயமலைச் சாரலிலுள்ள காங்கிரா பள்ளத்தாக்கில் நிகழ்த்திய ஆராய்ச்சி, அயோடின் கலந்த உப்பினால் கழுத்துக் கழலை குறைதலை ஐயமறக் காட்டிற்று. அயோடின் கலவாத உப்பை உணவிற்கென விற்றலாகாது என்னும் தடை 2006-ஆம் ஆண்டு நாடெங்கும் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

அயோடின் குறையின் கழலை உண்டாவது எங்ஙனம்? தைராக்சின் குறைந்தவுடன், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, 'வளர்க, உழைக்க' என்னும் கட்டளையை ஒரு சுரப்புநீரின் வடிவிற் கேடயச்சுரப்பிக்கு விடுக்கின்றது. கட்டளை ஓயாது வருதலின் சுரப்பி பருக்கின்றது. இது கழலையே அன்றிப் புற்று அன்று. குறை நீங்கின் கட்டளை தணியும். கட்டளை தணியின் வளர்ச்சியும் தணியும். புற்றோ எனின், கட்டளை இன்றியே வளர்வது. இவ்வேறுபாடே நம் கட்டுரையின் உயிர்நிலை என்க.

நான்கெழுத்து நெடுங்கணக்கு

தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 247. உயிரணுவின் நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 4 மட்டுமே. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்பன அவை. டீ. என். ஏ. என்னும் நீண்ட இழையில் இவ்வெழுத்துக்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவ்விழை முறுக்கிய ஏணிபோல்வது என்பதை 1953-ஆம் ஆண்டு வாட்சன், கிரிக் என்னும் இருவர் வெளியிட்டனர். தந்தைவழி வந்த ஏடு ஒன்றும் தாய்வழி வந்த ஏடு ஒன்றுமாக, ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் கொண்ட ஏடுகள் இரண்டு ஒவ்வோர் உயிரணுவிலும் 46 சுருள்களாகச் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. இச்சுருள்களைக் குரோமோசோம்கள் என்பர்.

இம்மொழியிற் சொற்கள் யாவும் மூவெழுத்துச் சொற்களே. 4 எழுத்துக்களால் ஆகும் மூவெழுத்துச் சொற்கள் 64. அவற்றுட் பெரும்பாலன ஒவ்வோர் அமினோ அமிலத்தைக் குறிக்கும்; சில, தொடர் முடிந்தது என்பதைக் குறிக்கும். சொற்கள் தொடர்ந்து ஒரு வாக்கியம் ஆவதுபோல அமினோ அமிலங்கள் தொடர்ந்து ஒரு புரதம் ஆகின்றது. ஒரு புரதத்திற்குரிய வாக்கியமே மரபணு எனப்படுவது.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியுமுன்னர், அவ்வேடு முழுவதையும் படியெடுத்தல் வேண்டும். பழங்காலத்தில் ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தோர் எத்துணைக் கருத்துடையராயினும் பிழைகள் புகுந்தமையை நாம் அறிவோம். உயிரணுவில் பிழை திருத்தும் புரதங்களும் உள. அவை பெரும்பாலான பிழைகளைக் களைந்துவிடுகின்றன. எனினும் ஒன்றிரண்டு எஞ்சிவிடும். சொற்புணர்ச்சியில் நிகழும் மாற்றங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என நன்னூலார் மூன்றாக வகுத்தார். வியப்பிற்குரியது யாதெனின், டீ. என். ஏ. இழையில் நிகழும் பிழைகளும் இம்மூவகையுள் அடங்கும் என்பதே. புதிய எழுத்து இடையே தோன்றுதலும், ஓரெழுத்து மற்றோர் எழுத்தாகத் திரிதலும், இருந்த எழுத்துக் கெடுதலும் ஆகிய மூன்றும் ஆண்டு உள. அவற்றுட் பல ஒரு தீங்கும் செய்யா. தீங்கு செய்வனவற்றுள் ஒன்றை இனிக் காண்பாம்.

திரிதல்

கேடயச்சுரப்பியிற் காணும் புற்றுக்களுள் 100-க்கு 80-க்கும் மேற்பட்டவை பாப்பிலரி என்னும் வகையைச் சேர்ந்தன. அத்தையார்க்கு வந்ததும் அதுவே. அவ்வகையில் மிகுதியாகக் காணப்படும் பிழை பி-ராஃப் என்னும் மரபணுவில் நேர்வதாகும்.

உயிரணுவின் புறத்தே வந்து நிற்கும் வளர்ச்சிக் கட்டளை ஒன்று அதன் நடுவிலுள்ள ஏட்டறையை அடைதற்குத் தூதர் பலர் வேண்டும். புறவாயிலில் நிற்கும் புரதம் கட்டளையை ஏற்று ராஸ் என்பதனிடம் கூறும்; ராஸ், ராஃப் என்பதனை எழுப்பும்; ராஃப், மெக் என்பதனை எழுப்பும்; மெக், எர்க் என்பதனை எழுப்பும்; எர்க் ஏட்டறையுட் புகுந்து, 'பிரிந்து பெருகுக' என்னும் பகுதியைப் படிக்கச் செய்யும். அஞ்சற்காரர் ஒருவர் கைப்பையை அடுத்தவரிடம் கொடுத்தோட, அவர் தமக்கடுத்தவரிடம் கொடுத்தோடும் பழைய முறையோடு இதனை ஒப்பிடலாம். பை வாராதபோது ஒவ்வொருவரும் உறங்குவர். அவ்வுறக்கமே நம் உடம்பிற்குக் காவல்.

பி-ராஃப் புரதம் 766 அமினோ அமிலங்களால் ஆயது. அதன் 600-ஆம் இடத்தில் வாலின் என்னும் அமினோ அமிலம் நிற்றல் வேண்டும். அதற்குரிய சொல், குவானின்–தைமின்–குவானின் என்பது. நடுவிலுள்ள தைமின் திரிந்து அடினின் ஆயின், அச்சொல் குவானின்–அடினின்–குவானின் ஆகின்றது. அதன் பொருள் குளூட்டாமிக் அமிலம். 300 கோடி எழுத்துக்களுள் திரிந்தது ஒன்றே. ஆயின், புதிதாக வந்த குளூட்டாமிக் அமிலம் எதிர்மின்னூட்டம் உடையது. கட்டளை பெற்று எழுந்த காலத்தில் அப்புரதம் எந்நிலையில் நிற்குமோ, அந்நிலையிலேயே அஃது அதனை எக்காலமும் நிறுத்திவிடுகின்றது. பை வாராதிருந்தும் அஞ்சற்காரர் ஓடத் தொடங்குகின்றார், உறங்குதலை மறக்கின்றார். இயல்பான புரதத்தினும் ஏறத்தாழ 500 மடங்கு மிகுதியாக இது தொழிற்படுவதை 2004-இல் ஆராய்ச்சியாளர் அளந்து கண்டனர்.

இப்பிழை பல புற்றுக்களில் உண்டென்பது 2002-ஆம் ஆண்டிலும், கேடயச்சுரப்பிப் புற்றில் மிகுதியாக உண்டென்பது 2003-ஆம் ஆண்டிலும் வெளியாயின. 2014-இல் அமெரிக்க அறிஞர் குழுவினர் 496 பாப்பிலரிப் புற்றுக்களை ஆராய்ந்து வெளியிட்டபோது, அவற்றுள் 100-க்கு ஏறத்தாழ 60-இல் இவ்வோரெழுத்துத் திரிபு இருந்தமை புலனாயிற்று.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. அரிவாள் வடிவச் சோகை என்னும் குருதிநோயைப் பலர் கேள்வியுற்றிருப்பர். அந்நோயில் குருதிப் புரதத்தின் ஓரிடத்தே குவானின்–அடினின்–குவானின் என்பது குவானின்–தைமின்–குவானின் எனத் திரிகின்றது. நாம் மேலே கண்ட திரிபின் நேர்மாறு அது. அறம் அரமாவது ஒரு பிழை. மரம் மறமாவது பிறிதொரு பிழை. எழுத்து அளவில் இரண்டும் ஒரே தன்மையன. இடம் வேறாகலின் நோயும் வேறாயிற்று. இடமறிந்தே பொருள் கொள்ளல் வேண்டும் என்னும் இலக்கண விதி இங்கும் பொருந்துகின்றது.

ராஸ் என்னும் தூதரிடத்தும் இத்தகைய பிழை நேர்வதுண்டு. ஃபாலிக்குலர் எனப்படும் வகைப் புற்றில் இது மிகுதி. ஒரு புற்றில் ராஸ் பிழைபட்டிருப்பின் பி-ராஃப் பெரும்பாலும் பிழையின்றி இருக்கும். பி-ராஃப் பிழைபட்டிருப்பின் ராஸ் பிழையின்றி இருக்கும். ஒரே பாதையில் ஓரிடத்துப் பிழையே போதுமானதாகலின், மற்றோரிடத்துப் பிழையால் அவ்வுயிரணுவிற்குப் புதிய பயன் யாதுமில்லை.

பிழைபட்ட புணர்ச்சி

நிலைமொழியும் வருமொழியும் புணர்ந்து ஒரு சொல்லாதலை நாம் அறிவோம். மரபணுக்களும் ஒரோவழி இவ்வாறு தவறாகப் புணர்வதுண்டு. 10-ஆம் குரோமோசோமில் ரெட் என்னும் மரபணு உளது. கேடயச்சுரப்பியின் குமிழ் உயிரணுக்களில் அஃது இயல்பாக உறங்கிக்கிடப்பது. ஆண்டு அதனைப் படிப்பார் இலர். குரோமோசோம் இரண்டிடத்து முறிந்து தவறாக ஒட்டப்படுமாயின், எந்நாளும் படிக்கப்பட்டுவரும் வேறொரு மரபணுவின் முற்பகுதி நிலைமொழியாகவும், ரெட்டின் பிற்பகுதி வருமொழியாகவும் இணைந்துவிடுகின்றன. நிலைமொழி ஓயாது படிக்கப்படுதலின் வருமொழியும் ஓயாது படிக்கப்படுகின்றது. அதன் பயனாக மேற்கூறிய அஞ்சல் ஓட்டம் தொடங்கிவிடுகின்றது. இப்புணர்ச்சியை 1987-ஆம் ஆண்டு இத்தாலிய அறிஞர் முதன்முதல் வெளியிட்டனர்.

குரோமோசோம் முறிதற்குக் காரணங்களுள் முதன்மையானது கதிரியக்கம். 1986-ஆம் ஆண்டு ஏப்பிரல் 26-ஆம் நாள் அக்காலச் சோவியத்து நாட்டின் செர்னோபில் அணுவுலை வெடித்தது. அதினின்று வெளிப்பட்ட அயோடின்-131 புல்லிற் படிந்தது. புல்லை மேய்ந்த பசுவின் பாலிற் கலந்தது. பாலைப் பருகிய குழந்தைகளின் கழுத்தை அடைந்தது. நாம் மேலே கூறிய அயோடின் வாயில், நல்ல அயோடின் இது, கதிர்வீசும் அயோடின் இது எனப் பிரித்தறியாது. சில ஆண்டுகளில் பைலோருசியா, உக்ரேன், உருசியா ஆகிய நாடுகளில் சிறுவர் பலரிடத்து இப்புற்றுத் தோன்றலாயிற்று. வெடிப்பின்போது சிறாராய் இருந்தோருள் 2005-ஆம் ஆண்டிற்குள் 6,000-க்கும் மேற்பட்டோர்க்கு இந்நோய் கண்டது. அதிற் பெரியதொரு பகுதி அவ்வயோடினால் விளைந்தது. அவர்தம் கட்டிகளை ஆராய்ந்தபோது ரெட்டின் பிழைபட்ட புணர்ச்சி மிகுதியாகக் காணப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் அறிஞர் சிலர், கேடயச்சுரப்பியின் உயிரணுவில் ரெட்டும் அதனோடு புணரும் மரபணு ஒன்றும் பலகாலும் ஒன்றையொன்று அடுத்தே சுருண்டு கிடத்தலைக் கண்டனர். அடுத்தடுத்துக் கிடப்பன ஒரே கதிரால் முறிந்து, ஒட்டும்போது மாறி ஒட்டிக்கொள்கின்றன.

இனி, அத்தையாரின் வினாவிற்கு ஒருவாறு விடை கூறலாம். கதிரியக்கம் ஒரு காரணம். அயோடின் குறைந்த நாடுகளில் ஃபாலிக்குலர் வகையும், போதிய நாடுகளில் பாப்பிலரி வகையும் மிகுதல் கண்டுள்ளனர். ஆயின், நோயுற்றோர் பலரிடத்து இன்ன செயலால் வந்தது எனச் சுட்டுதற்கு ஒன்றும் இல்லை. கோடானுகோடி எழுத்துக்களை வாழ்நாளெல்லாம் படியெடுத்துவரும் ஏடெழுதியின் கை ஓரிடத்திற் பிறழ்ந்தது, அவ்வளவே. அது குற்றம் அன்று; தண்டனையும் அன்று.

பிழைமேற் பிழை

ஓரெழுத்துப் பிழையுடைய உயிரணு பெருகினும், அதனாலாகும் கட்டி பல ஆண்டுகள் சிறிதாகவே கிடத்தல் கூடும். பாப்பிலரிப் புற்றுக் கண்டோருள் 100-க்கு 90-க்கும் மேற்பட்டோர் 10 ஆண்டுகட்குப் பின்னரும் நலமுடன் வாழ்கின்றனர் என்பது இதனாலேயே. ஆயினும், பெருகப்பெருகப் படிகள் மிகும். படிகள் மிகமிகப் பிழைகளும் மிகும்.

ஒவ்வொரு முறை பிரியும்போதும் குரோமோசோமின் நுனி சிறிது தேய்கின்றது. நுனி முற்றும் தேய்ந்த உயிரணு பிரிதலை நிறுத்திவிடும். இஃது இயற்கை அமைத்த வரம்பு. நுனியை மீண்டும் வளர்க்கும் புரதத்தை ஆக்குவது டெர்ட் என்னும் மரபணு. முதிர்ந்த உயிரணுக்களில் அது மூடப்பட்டுக் கிடக்கும். அதன் தலைவாயிலில் குறிப்பிட்ட இரண்டு இடங்களுள் ஒன்றில் ஓரெழுத்துத் திரியின், மூடிய ஏடு திறந்துகொள்கின்றது. உயிரணு வரம்பிகந்து பிரிகின்றது. கேடயச்சுரப்பிப் புற்றில் இப்பிழை உண்டென்பது 2013-ஆம் ஆண்டு வெளியாயிற்று. பி-ராஃப் பிழையும் இதுவும் ஒருங்கே அமைந்த கட்டிகள் கொடியனவாதலும் கண்டறியப்பட்டது. இவற்றின்மேல், பிழைபட்ட உயிரணுவை அழிக்கும் காவலனாகிய பி-53 என்பதும் கெடுமாயின், அனாபிளாஸ்டிக் என்னும் மிகக் கொடிய வகை தோன்றக்கூடும். அரிதாயினும் அது சின்னாளில் உயிரைக் கவர்வது. சுவடியில் ஒரு சொல் பிழைபட்ட காலத்தே திருத்தாது விட்டால், படியெடுப்பார் ஒவ்வொருவரும் தத்தம் பிழையையும் கூட்டி, இறுதியில் நூலே உருமாறிப்போவதை இதனோடு ஒப்பிடுக.

பிறவிலேயே ஏட்டில் வரும் பிழையும் உண்டு. குமிழ்களின் இடையே வேறுவகை உயிரணுக்கள் சில உள. அவற்றில் தோன்றும் புற்று மெடுல்லரி எனப்படும். அதனை உடையோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு, மேற்கூறிய ரெட் மரபணுவில் ஓரெழுத்துத் திரிபு பெற்றோர்வழி வந்திருக்கும். இவ்வுண்மை 1993-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அத்தகைய பெற்றோரின் மக்கள் ஒவ்வொருவர்க்கும் அப்பிழை வருதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. குருதியை ஆராய்ந்து பிழையை இளமையிலேயே கண்டுகொண்டால், புற்றுத் தோன்றுமுன்னரே சுரப்பியை எடுத்துவிடலாம். பிழையின் இடமறிதலாற் பெறும் பயன் இதனினும் பெரிது யாது?

வாயிலும் மருந்தும்

நோயை உண்டாக்கிய வாயிலே மருந்து புகும் வாயிலாகவும் ஆகின்றது. உடம்பில் அயோடினை மிகுதியாக ஈர்ப்பது கேடயச்சுரப்பியே. அதனினின்று பிறந்த புற்று, உடம்பில் எங்கே பரவியிருப்பினும், தாயின் இயல்பை முற்றும் மறவாதாயின் அயோடினை ஈர்க்கும். ஆதலின் அறுவையால் சுரப்பியை எடுத்தபின், அயோடின்-131 கலந்த மருந்தை நோயாளர்க்கு அளந்து உட்கொள்ளக் கொடுப்பர். அது புற்றுயிரணுக்களைத் தேடிச் சென்று, உள்ளிருந்தே கதிர்வீசி அழிக்கின்றது. 8 நாளுக்கு ஒருமுறை அதன் ஆற்றல் பாதியாகக் குறையும். செர்னோபிலில் நஞ்சாய் நின்ற அதுவே மருத்துவமனையில் அமுதாகின்றது. 1946-ஆம் ஆண்டிலேயே இம்மருத்துவத்தின் பயன் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது.

பி-ராஃப் பிழை மிக்குத் தொழிற்படுங்கால் அவ்வாயில் ஒருவாறு அடைபட்டுப்போகின்றது. மருந்து புகுதற்கு வழியின்றி நிற்கின்றது. இதனை அறிந்த மருத்துவர், அஞ்சல் ஓட்டத்தின் நடுவேயுள்ள மெக் என்பதனைத் தடுக்கும் மருந்தொன்றைக் கொடுத்துப் பார்த்தனர். நோயாளர் சிலரிடத்து அடைபட்ட வாயில் மீண்டும் திறந்தது என 2013-இல் வெளியிட்டனர். பி-ராஃப் பிழையுடைய அனாபிளாஸ்டிக் புற்றிற்கு 2018-இலும், ரெட் பிழையுடைய புற்றுக்களுக்கு 2020-இலும் தனி மருந்துகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. எந்த எழுத்துப் பிழைபட்டது எனக் கேட்டபின்னரே மருந்து தேரும் காலம் வந்துவிட்டது.

திண்டிவனத்து இரவு

19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் திண்டிவனத்தில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டு நினைவூட்ட விரும்புகின்றோம். அக்காலத்தே அமெரிக்க ஆற்காட்டு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடர் அவ்வூரில் தொண்டாற்றிவந்தார். அவர்தம் மகளார் ஐடா ஸ்கடர் அங்குத் தங்கியிருந்தபோது, ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகாலத்தில் துன்புறும் தத்தம் மனைவியர்க்கு உதவுமாறு அவரை வேண்டினர். "யான் மருத்துவம் கல்லேன், தந்தையார் வருவார்" என்றார் அவர். ஆடவர் வருதலை வழக்கம் இடந்தாராது என்று மூவரும் மீண்டனர். விடிந்தபோது அம்மூன்று பெண்டிரும் இறந்துபட்டனர் என்னும் செய்தி வந்தது. அவ்விரவே ஐடாவின் வாழ்க்கையை மாற்றிற்று. அவர் அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று மீண்டார். 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலுடன் பணி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி நிறுவினார். இன்று வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாய் விளங்குவது அதுவே. அத்தையார்க்கு அறுவையும் அயோடின் மருத்துவமும் நிகழ்ந்தது அவ்விடத்தேதான். மருந்து உட்கொண்டபின் தனியறையிற் சில நாள் இருந்து மீண்ட அவர், இன்று கழுத்தில் மெல்லிய தழும்பு ஒன்றுடன் ஞாயிறுதோறும் ஆலயம் வருகின்றார்.

அம்மூவரைக் கொன்றது நோய் மட்டும் அன்று. மறைவும் நாணமும் ஆகும். கேடயச்சுரப்பிப் புற்று ஆடவரினும் பெண்டிரிடத்து ஏறத்தாழ மும்மடங்கு மிகுதி. அப்பெண்டிருள் எத்துணையோ பேர் இன்றும் முன்றானையாற் கழுத்தை மறைத்துக்கொண்டு, மகள் திருமணம் முடியட்டும், ஊர்ப்பேச்சு ஓயட்டும் எனக் காலங்கடத்துகின்றனர். ஆனால் பிழைபட்ட ஏடெழுதி காத்திருப்பதில்லை.

ஆதலின் அன்பர்கட்கு யாம் கூறுவது சிலவே. கழுத்திற் காணும் கட்டி யாவும் புற்றென அஞ்சற்க. 100-க்கு 90-க்கும் மேற்பட்டவை தீங்கற்றவை. அஞ்சாது காட்டுதல் வேண்டும் என்பதே கருத்து. விழுங்கும்போது உடன் அசையும் கட்டி, காரணமின்றி நீடிக்கும் குரற்கம்மல், கழுத்தின் பக்கத்தே நெறிகட்டி வீங்குதல், விரைந்த வளர்ச்சி ஆகியவை காணின் காலந்தாழ்த்தலாகாது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் அரசினர் மருத்துவக் கல்லூரி உளது. வேலூர் செல்லுமுன் அங்கே காட்டலாம். அதே வேளையில், ஒரு குறியும் இல்லாதார் அனைவரையும் ஆராய்தலும் வேண்டுவதன்று. தென்கொரியாவில் அவ்வாறு ஆராய்ந்தமையால், 2011-இல் இந்நோயுடையார் எனக் காணப்பட்டோர் தொகை 1993-இல் இருந்ததனினும் 15 மடங்காயிற்று, இறப்போ குறைந்திலது. ஒருகாலும் தீங்கு செய்யாத சிறு கட்டிகளும் அறுக்கப்பட்டமையே கண்ட பயன். மறைத்தலும் பிழை, மிகைபடத் தேடுதலும் பிழை.

பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், இது இவன் பாவமோ, இவனைப் பெற்றோர் பாவமோ என வினவியபோது, இருவர் பாவமும் அன்று என ஆண்டவர் மறுத்தருளிய வரலாறு யோவான் எழுதிய நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் உளது. விடுமுறைக்கு ஊர் சென்றபோது அத்தையாரிடம் யாம் அவ்வதிகாரத்தையும் எழுத்துப் பிழையின் கதையையும் சேர்த்தே கூறினோம். அவர் சிறிது நேரம் வாளாவிருந்து, பின்னர், "அப்படியானால், தம்பி, நான் அந்தக் கட்டியை ஒளித்துவைத்தது வீண்தானே?" என்றார். ஆம் என்றோம். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் அவர் முன்றானையைக் கழுத்தினின்று நீக்கி அமர்ந்திருந்ததையும், தம் அருகிருந்த இளம்பெண் ஒருத்தியிடம் தம் தழும்பைக் காட்டி ஏதோ கூறிக்கொண்டிருந்ததையும் யாம் கண்டோம். இக்கட்டுரையைப் படிப்பார் தத்தம் இல்லத்துப் பெண்டிர்க்கும் இதனை எடுத்துரைப்பாராயின், யாம் எழுதியது பயனுடைத்தாகும்.